கிரிப் கேம்ப்: சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது எப்படி

அமெரிக்க மாற்றுத்திறனாளிகளைப் பற்றி 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘கிரிப் கேம்ப்’ ஆவணப்படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளியாக ஒரு இளைஞரோ இளம்பெண்ணோ இருந்தால் அவர்களோடு பாருங்கள்.

எந்த நாள், யார் யார் கூட இருக்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். சக்கர நாற்காலிக்கு ஓரத்தில் இல்லாமல் நடுவில் இடம் விடுங்கள். சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். பாலுறவு பற்றி மனம் திறந்த பேச்சு வரும், அதனால் சின்னப் பிள்ளைகள் வேண்டாம். தலைப்பையும் முன்பே விளக்கிவிடுங்கள்: ‘கிரிப்’ என்பது நம் ‘நொண்டி’ மாதிரி குத்துகிற சொல், அதை அங்குள்ள மாற்றுத்திறனாளிகளே எடுத்துத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள்.

அப்புறம், முதல் பாதியை ஓட்டிவிடாதீர்கள். 1971, நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதி, மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான ஜெனெட் கோடை முகாம். என்ன சமைக்கலாம் என்று முகாம் வழிகாட்டிகளில் ஒருவரான ஜூடி ஹியூமன் எல்லோரையும் கேட்கிறார், லசாஞ்யாவா வேறா என்று அதற்கு ஒரு பெரிய விவாதமே நடக்கிறது. இன்னொரு இடத்தில் ஒரு பெண் பேசுகிறாள், ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்துத்தான் வருகிறது, நமக்குப் பாதி புரியாது, ஆனால் சுற்றி இருக்கிற யாரும் குறுக்கே பேசுவதில்லை, முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். தனியாக இருக்கக்கூட விடுவதில்லை என்பதுதான் அவள் குறை.

இங்கே படத்தை நிறுத்திவிட்டு, “இன்னிக்கு என்ன சமைக்கலாம்னு உன்னை எப்பவாவது கேட்டிருக்கோமா?” என்று கேளுங்கள்.

இதைப் பேசிவிட்டுப் பார்த்தால்தான் இரண்டாம் பாதியின் கனம் தெரியும். அந்த முகாமில் இருந்த சிலரும் சேர்ந்துதான் 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து, அரசுப் பணம் பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்கிற 504-ஆம் சட்டப் பிரிவுக்கான விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது அங்கேதான்.

படம் முடிந்ததும் “பாவம்” என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். உனக்கு நீயே செய்துகொள்ள ஆசைப்படுவது எது என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலை நீங்கள் முடித்துவைக்காமல் பொறுத்திருங்கள். என் சித்தி மகனுக்கு 22 வயது. அவன் கேட்டது, அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். மறுநாளே போட்டோம், நாற்காலியில் இருந்தபடி அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில்.