கன்று வீசிய மாடா? ஊசிக்கு முன் ஸ்லைடு எடுங்கள்

சினை மாடு காய்ச்சலோடு கன்று வீசினால் (குறைமாதத்தில் கரு கலைந்தால்), ஊசி போடும் முன்பே காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் (கண்ணாடித் தகட்டில்) தடவி எடுக்கச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் தைலீரியா, பபேசியா, அனபிளாஸ்மா ஆகிய மூன்று நோய்க்கிருமிகளும் ரத்தச் சிவப்பணுக்களில் இருப்பதால் மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதிலும் பபேசியா காது நுனி ரத்தத்தில்தான் நன்றாகச் சிக்கும். மருந்து ஏறிவிட்டால் கிருமி குறைந்து, நோய் இருந்தும் ஸ்லைடு சுத்தமாகவே காட்டும். தோள் முன்னால் நெறி கட்டியிருந்தால் அதிலிருந்தும் ஒரு ஸ்லைடு எடுப்பது நல்லது, தைலீரியாவுக்கு அது உறுதியான சாட்சி.

காய்ச்சல் விட்டு நாளான மாட்டுக்கு இது போதாது, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். காய்ச்சலே இல்லாமல் கடைசி மூன்று மாதத்தில் வீசினால் முதலில் கன்று வீசச் செய்யும் புரூசெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பாருங்கள். அது மனிதருக்கும் தொற்றும், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள்.