கிராமத்து வைஃபை: சிக்னலைப் பார்க்கிறோம், கரண்டை மறக்கிறோம்

கிராமத்துக்கு இணையம் கொண்டுபோகக் கிளம்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது ஆன்டெனாவைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, எவ்வளவு தூரம் போகும்? அதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அன்று கிராமங்களில் நெட் போட்டபோது கரண்டை மறந்து நாங்கள் செய்த தப்பையே இவர்களும் செய்கிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பேட்டரியில் மிச்சம் பிடிப்பது

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு வைஃபையில் இணைத்தது பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று. நோயாளி தன் ஊரிலேயே இருக்க, டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பார்ப்பார். அந்தக் குழு 2008இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் படியுங்கள். அவர்களைப் பாடாய்ப்படுத்தியது கரண்ட். கிராமத்து லைனில் வோல்டேஜ் 70க்குக் கீழே இறங்கியிருக்கிறது, 350க்கு மேலும் ஏறியிருக்கிறது. அடாப்டர் எரியாமல் என்ன செய்யும்?

சரி, சோலார் என்று போகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ரேடியோவும் ரூட்டரும் சேர்ந்து 20 வாட் என்றால் நாளுக்கு 480 வாட் மணி. மூன்று நாள் வெயில் இல்லையென்றால் 1,440. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 2,880 வேண்டும். 12 வோல்ட்டில் அது 240 ஏ.எச். (ஆம்பியர் மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு). நான் போய்ப் பார்த்த ஒரு மலையடிவாரத்து ஊரில் வைத்திருந்தது 100 ஏ.எச்.

ஐப்பசி அடைமழையில் பேட்டரி இறங்க, சார்ஜ் கண்ட்ரோலர் ரேடியோவுக்கும் ரூட்டருக்கும் போகும் கரண்டைத் துண்டித்தது. பேட்டரி அடியோடு வற்றாமல் காப்பதுதான் அதன் வேலையே. ஊர்ப் பையன் போன் செய்தான். நகரத்திலிருந்த பொறியாளர், “கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு நேரா பேட்டரியிலயே குடுத்துடு தம்பி” என்றார். நெட் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அதன்பின் மழை வரும்போதெல்லாம் அதே வைத்தியம். அடியோடு வற்றி வற்றி, அடுத்த தீபாவளிக்குள் அந்த பேட்டரி ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. புதிது வாங்கப் பணம் ஒதுக்கப்படவே இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பஸ் ஏறி டவுனுக்குப் போனார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கண்ட்ரோலரைத் தொடாதீர்கள். ராத்திரி நெட் வேண்டாமென்றால் டைமர் போட்டு நிறுத்துங்கள்.

தென்னை

சிக்னல் போகும் வழியில் நிற்கும் தென்னை வளரும், மறைக்கும். டவரை அதற்கும் சேர்த்து உயர்த்துங்கள்.

எர்த்

முதல் இடிக்கு முன்பே போடுங்கள்.

இலவசம்

இலவசமாகக் கொடுக்காதீர்கள், முதல் மாதத்திலிருந்தே சந்தா வாங்குங்கள். அதில் ஒரு பங்கை பேட்டரிக்கென்று தனியே வையுங்கள், கணக்கு நோட்டு ஊர் மகளிர் குழுவிடம் இருக்கட்டும்.