பசுந்தேயிலைக் கணக்கு மென்பொருளை அடுத்தவர் கணினியில் கொண்டு சேர்ப்பது எப்படி? ஆக்செஸ் பயன்படுத்துவோருக்கான செய்முறை விளக்கம்

என் சித்தப்பா கோத்தகிரிக்கு அருகே சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை எடை போட்டு வாங்குபவர். யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார், மழை நாளில் ஈரத்துக்காக எவ்வளவு கழித்தோம், உரத்துக்கு முன்பணம் எவ்வளவு கொடுத்தோம், மாத முடிவில் கையில் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதையெல்லாம் பதிந்து வைக்க மைக்ரோசாஃப்ட் ஆக்செஸில் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டுக் கட்டபெட்டிலும் குன்னூரிலும் இலை வாங்கும் வேறு சிலர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். என் கணினியில் நன்றாக ஓடிய ஒன்றை அடுத்தவர் கணினியில் ஓடவைப்பது தனி வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றைத் தவறு செய்துதான் கற்றேன். தொடக்கத்தில் அட்டவணைகள், படிவங்கள், அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தேன். ஓர் அறிக்கையைத் திருத்திப் புதிய கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் பழையதன் மேல் நகலெடுத்தபோது, அதற்கு முந்தைய பதினொரு நாள் எடைக் கணக்கு முழுவதும் அழிந்துவிட்டது. நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்ததால் மீண்டும் பதிய முடிந்தது. படிவங்கள் கெட்டால் நான் ஒரு வாரத்தில் மீண்டும் எழுதிவிடலாம். விவசாயியின் இலைக் கணக்கு அழிந்தால் அதை என்னால் உருவாக்கித் தர முடியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

படி 1: தரவையும் செயலியையும் பிரித்தல்

முதலில் உங்கள் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு ஆக்செஸில் ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘மூவ் டேட்டா’ குழுவில் உள்ள ‘ஆக்செஸ் டேட்டாபேஸ்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். அது உங்கள் கோப்பை இரண்டாகப் பிரிக்கும். அட்டவணைகள் மட்டும் பின்தளக் கோப்புக்குப் போகும். படிவங்கள், வினவல்கள், அறிக்கைகள், நிரல் ஆகியவை முன்தளக் கோப்பில் தங்கி, பின்தளத்தின் அட்டவணைகளோடு இணைப்பு வைத்துக்கொள்ளும். இனிமேல் நீங்கள் பிறருக்கு அனுப்பும் புதிய பதிப்பு என்பது முன்தளக் கோப்பு மட்டுமே.

ஆக்செஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. இது போதுமா என்று கேட்பவர்கள் தங்கள் பதிவுகளை எண்ணிப் பார்க்கலாம்: 300 விவசாயிகள் மாதம் 25 நாள் இலை கொண்டுவந்தாலும் ஆண்டுக்கு 90,000 வரிகள்தான் சேரும். வெறும் எண்களும் தேதிகளும் கொண்ட வரிகள் இந்த எண்ணிக்கையில் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். விவசாயிகளின் புகைப்படங்களை அட்டவணைக்குள்ளேயே சேர்த்தால்தான் கோப்பு வேகமாகப் பருத்துவிடும். படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, அவற்றின் இருப்பிடத்தை மட்டும் பதிவது நல்லது.

படி 2: அடுத்தவர் கணினிக்கு ஏற்பத் திருத்துதல்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் எனக்கு அதிகமான தொலைபேசி அழைப்புகள் வந்தது இங்கே விட்ட பிழைகளால்தான்.

தேதியை முதலில் பார்ப்போம். நாம் ஆகஸ்ட் 5 என்பதை 5/8 என்று எழுதுகிறோம். ஆனால் ஆக்செஸில் தரவைத் தேடி எடுக்க எழுதும் எஸ்கியூஎல் கட்டளைக்குள் இரண்டு ‘ஹாஷ்’ குறிகளுக்கு நடுவே 5/8 என்று எழுதினால், கணினியின் வட்டார அமைப்பு இந்தியா என்று இருந்தாலும், அது அமெரிக்க வழக்கப்படி மே 8 என்றே பொருள் கொள்ளும். 13ஆம் தேதியிலிருந்து இந்தக் குழப்பம் வராது, ஏனெனில் 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. ஆகவே மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் தவறான விடை வரும், பிழையைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினமாகிவிடும். நிரலில் தேதியைச் சேர்க்கும் இடங்களில் எல்லாம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் நான்கு இலக்க ஆண்டோடு எழுதும்படி ‘ஃபார்மட்’ செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். எந்த வட்டார அமைப்பு உள்ள கணினியிலும் அது ஒரே பொருளைத் தரும்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஆக்செஸின் அட்டவணைகளும் படிவங்களும் யூனிகோடு தமிழை நன்றாகக் காட்டும். ஆனால் விபிஏ நிரல் எழுதும் சாளரம் யூனிகோடை ஏற்காது. அங்கே ‘எடை பதியப்படவில்லை’ என்று தமிழில் தட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான் நிற்கும். ஆகவே பயனருக்குக் காட்ட வேண்டிய எல்லாச் செய்திகளையும் ஓர் அட்டவணையில் எண்ணிட்டு எழுதி வைத்து, நிரலிலிருந்து அந்த எண்ணைக் கொண்டு எடுத்து, நீங்களே வடிவமைத்த ஒரு சிறிய படிவத்தில் காட்டுங்கள். செய்தி அட்டவணை முன்தளக் கோப்பில்தான் இருக்க வேண்டும், ஏனெனில் பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். பிரித்தபோது அது பின்தளத்துக்குப் போயிருந்தால், முன்தளத்தில் அதன் இணைப்பை நீக்கிவிட்டு அட்டவணையை இறக்குமதி செய்துகொள்ளுங்கள்.

எழுத்துருவையும் கவனியுங்கள். லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் விருப்பக் கூறாகிவிட்டது. எல்லாக் கணினியிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாது. நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. படிவங்களையும் மாதக் கணக்குச் சீட்டையும் அதிலேயே அமைத்தால் அச்சிடும்போது வரிகள் இடம் மாறாமல் நிற்கும்.

படி 3: ஆக்செஸ் இல்லாத கணினிக்கு ரன்டைம்

உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துபவர் ஆக்செஸ் வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆக்செஸ் ரன்டைமை நிறுவினால் போதும். அதில் படிவங்களை மாற்றியமைக்க முடியாது, ஓட்ட மட்டுமே முடியும்.

இங்கே 32 பிட், 64 பிட் வேறுபாட்டைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணினியில் ஏற்கெனவே எக்செல், வேர்டு எந்த வகையில் நிறுவப்பட்டிருக்கிறதோ, ரன்டைமும் அதே வகையில் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து நிறுவ முடியாது. விண்டோஸ் 64 பிட் என்பதால் ஆபீஸும் 64 பிட்டாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எக்செலைத் திறந்து, ‘ஃபைல்’ பட்டியில் ‘அக்கவுன்ட்’ என்பதைத் தேர்ந்து, ‘அபவுட் எக்செல்’ என்பதை அழுத்தினால் முதல் வரியின் முடிவில் அது எழுதியிருக்கும். நான் ஒவ்வொருவரிடமும் அந்த வரியைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

ரன்டைமில் பக்கப் பட்டியலோ வழக்கமான மேல் பட்டைகளோ இருக்காது. ஆகவே ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘கரன்ட் டேட்டாபேஸ்’ என்ற வரிசையில் சென்று, ‘டிஸ்ப்ளே ஃபார்ம்’ என்ற இடத்தில் உங்கள் முதல் படிவத்தைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பயனருக்கு வெற்றுத் திரை மட்டுமே தெரியும். நிரலில் கையாளப்படாத பிழை ஒன்று நேர்ந்தால் ரன்டைம் மென்பொருளையே மூடிவிடும் என்பதால், ஒவ்வொரு செயல்முறையிலும் பிழை கையாளும் வரிகளைச் சேர்ப்பது கட்டாயம். உங்கள் கணினியில் ரன்டைம் இல்லாமலே இதைச் சோதிக்கலாம்: கோப்பின் நகல் ஒன்றில் ஏசிசிடிபி என்ற பின்னொட்டை ஏசிசிடிஆர் என்று மாற்றித் திறந்தால், ஆக்செஸ் ரன்டைம் போலவே நடந்துகொள்ளும்.

படி 4: மூடிய கோப்பாக மாற்றுதல்

விபிஏ சாளரத்தில் ‘டீபக்’ பட்டியில் உள்ள ‘கம்பைல்’ கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் முடிய வேண்டும். பிறகு ‘ஃபைல்’, ‘சேவ் ஆஸ்’ வழியாக ‘மேக் ஏசிசிடிஇ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கோப்பில் நிரலின் மூலவரிகள் இருக்காது. தவறுதலாகக்கூட யாரும் படிவங்களை மாற்ற முடியாது. நீங்களும் மாற்ற முடியாது என்பதால், மூலக் கோப்பைப் பதிப்பு எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். 64 பிட் ஆக்செஸில் உருவாக்கிய ஏசிசிடிஇ 32 பிட்டில் திறக்காது. இரு வகைப் பயனர்களும் இருந்தால் இரண்டு கோப்புகளை உருவாக்க வேண்டும்.

படி 5: கோப்புகள் இருக்க வேண்டிய இடம்

முன்தளத்தை ஒவ்வொரு கணினியிலும் பயனரின் ‘லோக்கல் ஆப் டேட்டா’ கோப்புறைக்குள் வையுங்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. ஆக்செஸ் கோப்போ திறந்திருக்கும்போது தன்னுள் எழுதிக்கொண்டே இருப்பது.

பின்தளம் ஒரே கணினியில் மட்டும் பயன்படுமானால் ‘பப்ளிக் டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் வைக்கலாம். ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் கோப்புறையில் வைக்கவே வேண்டாம், ஏனெனில் திறந்திருக்கும் தரவுக் கோப்பை அது பாதியில் நகலெடுத்துக் கணக்கைச் சிதைக்கக்கூடும். எடை போடும் இடத்தில் ஒரு கணினியும் அலுவலக அறையில் ஒரு கணினியும் இருந்தால், இரண்டையும் கேபிள் வழியாகவே இணையுங்கள். வைஃபை ஒரு கணம் துண்டிக்கப்பட்டாலும் ஆக்செஸ் கோப்பு பழுதாகலாம். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போவது கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் வழக்கம்தான் என்பதால், பின்தளம் உள்ள கணினிக்கு மட்டுமன்றி கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யுபிஎஸ் இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.

பகிரப்பட்ட கோப்புறையில் எல்லாப் பயனர்களுக்கும் கோப்பை எழுத மட்டுமின்றிப் புதிதாக உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும். யாராவது தரவைத் திறந்திருக்கும்போது ஆக்செஸ் அதே இடத்தில் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கிக் கடைசியில் அழிக்கிறது.

உங்கள் கணினியில் பின்தளம் இருந்த பாதை அடுத்தவர் கணினியில் இருக்காது. இணைப்பை மாற்றும் ‘லிங்க்ட் டேபிள் மேனேஜர்’ கருவி ரன்டைமில் கிடைக்காது என்பதால், முதல் படிவம் திறக்கும்போதே பின்தளம் உள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஒவ்வோர் அட்டவணையின் ‘கனெக்ட்’ பண்பையும் மாற்றி ‘ரெஃப்ரெஷ் லிங்க்’ கட்டளையை இயக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிடுங்கள்.

படி 6: நிறுவல் கோப்பு உருவாக்குதல்

ஆக்செஸ் 2010 வரை நிறுவல் கோப்பு உருவாக்கும் வழிகாட்டி ஒன்று மைக்ரோசாஃப்டிடமிருந்தே கிடைத்தது. 2013 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். நான் இன்னோ செட்டப் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். அதன் வழிகாட்டி கேட்கும் கேள்விகளுக்கு விடையளித்தால் அடிப்படை நிரல் உருவாகிவிடும். அதில் மூன்று இடங்களை மட்டும் நீங்கள் கையால் திருத்த வேண்டும்.

முதலாவது, நிர்வாகி கடவுச்சொல் கேட்காமல் நிறுவ, ‘பிரிவிலேஜஸ் ரிக்வயர்ட்’ என்பதை ‘லோயஸ்ட்’ என்று அமைப்பது. இரண்டாவது, வெற்றுப் பின்தளக் கோப்பைச் சேர்க்கும் வரியில் ‘ஒன்லி இஃப் டஸன்ட் எக்ஸிஸ்ட்’, ‘அன்இன்ஸ் நெவர் அன்இன்ஸ்டால்’ ஆகிய இரண்டு கொடிகளையும் (‘ஃப்ளாக்ஸ்’) இடைவெளியில்லாத ஒரே சொற்களாகச் சேர்ப்பது. முதல் கொடி, தரவுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாமல் விடும். இரண்டாவது, மென்பொருளை நீக்கினாலும் தரவை நீக்காது. என் பதினொரு நாள் கணக்கை அன்றைக்கு இந்த இரண்டு சொற்கள் காப்பாற்றியிருக்கும்.

மூன்றாவது, முன்தளம் இருக்கும் கோப்புறையை நம்பகமான இடமாகப் பதிவது. ரன்டைமில் இதற்கான அமைப்புத் திரை இல்லாததால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘கரன்ட் யூசர்’ பகுதியில் ஆபீஸ் 16.0, ஆக்செஸ், செக்யூரிட்டி என்று இறங்கி, ‘டிரஸ்டட் லொகேஷன்ஸ்’ என்பதன் கீழ் ஒரு புதிய சாவியை உருவாக்கி, கோப்புறையின் பாதையை நிறுவல் கோப்பே எழுதும்படி செய்யுங்கள். இல்லையேல் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து பயனரைக் கலங்கவைக்கும்.

படி 7: கொண்டு சேர்த்தல்

ஜிமெயில் ஈஎக்ஸ்ஈ கோப்புகளை ஜிப் செய்து அனுப்பினாலும் தடுத்துவிடும். இணையத்தில் ஏற்றிப் பதிவிறக்கச் சொன்னால், மின்கையொப்பம் இல்லாத நிறுவல் கோப்பு என்பதால் விண்டோஸ் நீல நிற எச்சரிக்கையைக் காட்டும். ‘மோர் இன்ஃபோ’ என்பதை அழுத்திய பிறகே ‘ரன் எனிவே’ தெரியும். மலையில் பல இடங்களில் இணையம் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது. ஆகவே நான் ரன்டைமின் இரு வகைகளையும் என் நிறுவல் கோப்பையும் ஒரு பென் டிரைவில் வைத்து நேரில் கொடுக்கிறேன். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, ரன்டைம் முழுமையாக நிறுவப்படுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்த பதிப்பில் அட்டவணைக்குப் புதிய புலம் சேர்க்க வேண்டிவந்தால், பின்தளத்தில் ஒரு பதிப்பு எண்ணை வைத்திருங்கள். புதிய முன்தளம் முதன்முறை திறக்கும்போது அந்த எண்ணைப் பார்த்து, பின்தளத்தைத் தேதியிட்ட பெயரில் நகலெடுத்து, அதன் பிறகே புலத்தைச் சேர்த்து எண்ணை உயர்த்தட்டும். இந்த நகலெடுப்பு நடக்கும் வேளையில் மற்ற கணினிகள் மூடியிருக்க வேண்டும். பூட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், ஆக்செஸ் ஒருபோதும் நிறுவப்படாத பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து, நிர்வாகி அல்லாத ஒரு பயனர் கணக்கில் நுழைந்து, பென் டிரைவிலிருந்து நிறுவுங்கள். பத்து விவசாயிகளின் எடையைப் பதிந்து, மாதச் சீட்டை அச்சிட்டுப் பாருங்கள். பிறகு ‘கன்ட்ரோல் பேனல்’ வழியாக மென்பொருளை முழுவதும் நீக்கி, மீண்டும் நிறுவித் திறங்கள். அந்தப் பத்து எடைகளும் அப்படியே இருந்தால், அந்தப் பென் டிரைவை நகலெடுக்கத் தொடங்கலாம்.