பந்திங்கிலிருந்து கப்பலில் சூடம் அனுப்புவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மலேசியாவில் பந்திங் போன்ற தோட்டப் பட்டணத்தில் பூஜைப் பொருள் கடை நடத்துபவருக்கு மொரீஷியஸிலிருந்தோ டர்பனிலிருந்தோ முதல் ஆர்டர் வரும்போது, பட்டியலில் விபூதி, குங்குமம், ஊதுபத்தி, விளக்குத் திரி எல்லாவற்றோடும் சூடமும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கி, இன்வாய்ஸில் ‘பூஜைப் பொருட்கள்’ என்று ஒரே வரியாக எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. நாம் தினமும் கையால் தொடும் சூடம், கடல் சரக்கு விதிகளில் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். அதை அதன் சரியான பெயரில் அறிவித்துவிட்டால் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக ஒழுங்குக்கு வந்துவிடும். பெயரை மறைத்தால், பின்னால் எவ்வளவு கவனமாகப் பெட்டி கட்டினாலும் பயனில்லை.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து எல்சிஎல் முறையில், அதாவது பலருடைய சரக்கோடு ஒரே கண்டெய்னரைப் பகிர்ந்து, 400 கிலோ சூடம் அனுப்புவதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில், சூடம் என்ன செய்யும்?

சூடம் உருகாமலேயே ஆவியாகும். கடையில் திறந்து வைத்த வில்லை நாளடைவில் சிறுத்துப்போவது அதனால்தான். அதன் தீப்பற்று நிலை ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ். வெயிலில் நிற்கும் கண்டெய்னரின் கூரையடியில் வெப்பம் அந்த அளவை நெருங்கக்கூடும். சூட ஆவி காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது என்பதால், மூடிய இடத்தில் அது மேலே போகாமல் தரையோடு தங்கும். அங்கே ஒரு பொறி பட்டால் போதும்.

தரையில் தீப்பிடித்தால் 999 அழைக்கலாம். நடுக்கடலில் தீயை அணைக்க வேண்டியவர்கள் அந்தக் கப்பலின் மாலுமிகள் மட்டுமே. 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலம் கசிந்த கண்டெய்னர் ஒன்று இருந்தது. கசிவு தெரிந்த பிறகும் வழியில் இருந்த இரண்டு துறைமுகங்களில் அதை இறக்க முடியவில்லை. கரையில் செய்யும் பிழையைக் கடலில் திருத்த வழியில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: ஆர்டரைப் பிரியுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத்தாளை, அதாவது எஸ்டிஎஸ்ஸை, மொத்த வியாபாரியிடம் கேட்டு வாங்குங்கள். மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான இரசாயனத்தை விற்பவர் இந்தத் தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். “அதெல்லாம் இல்லை” என்று சொன்னால் வேறு வியாபாரியைப் பாருங்கள். தாளில் 16 பிரிவுகள் இருக்கும். நமக்கு முக்கியமானது 14-ஆம் பிரிவு, போக்குவரத்துத் தகவல். சூடத்துக்கு அங்கே யூ.என். 2717, வகுப்பு 4.1, பொதித் தொகுதி 3 என்று இருக்க வேண்டும். யூ.என். என்பது அபாயப் பொருளின் ஐ.நா. அடையாள எண், வகுப்பு அபாயத்தின் வகை, பொதித் தொகுதி அபாயத்தின் அளவு (1 அதிகம், 3 குறைவு). கடைகளில் விற்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கைச் சூடம். இந்த எண் அதற்குரியது. கற்பூரத் தைலம் வேறு: அது யூ.என். 1130, வகுப்பு 3, தீப்பற்றும் திரவம்.

மற்றவற்றில் விபூதி, குங்குமம், நல்லெண்ணெய் ஆகியவற்றால் தொல்லையில்லை. தீப்பெட்டி தனியாக யூ.என். 1944, அதுவும் வகுப்பு 4.1. ஆல்கஹால் கலந்த அத்தர் யூ.என். 1266, வகுப்பு 3. விளக்கு எண்ணெய் என்ற பெயரில் விற்கும் பாரஃபின் எண்ணெயின் தீப்பற்று நிலை 60 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதுவும் வகுப்பு 3. மத்தாப்பு என்றால் வகுப்பு 1, வெடிபொருள். முதல் ஆர்டரில் அதைத் தொடவே வேண்டாம்.

சாம்பிராணிக் கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரி தானாகவே சூடேறித் தீப்பற்றும் பொருள், யூ.என். 1361, வகுப்பு 4.2. முன்பு சோதனைச் சான்றிதழ் காட்டிச் சாதாரணச் சரக்காகக் கரியை அனுப்ப முடிந்தது. கடல்வழி அபாயச் சரக்குக்கான ஐஎம்டிஜி என்ற சர்வதேச விதித்தொகுப்பின் 42-24 திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமான பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. சிறு பொட்டலங்களாகக் கட்டினால் கிடைக்கும் சலுகையும் (படி 3) கரிக்குக் கிடையாது. அனுபவம் வரும்வரை கரியை ஆர்டரிலிருந்து நீக்கிவிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவதே நல்லது.

படி 2: ஏஜெண்டிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள்

சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டிங் ஏஜெண்டை அழைத்து விலை கேட்கும்போதே “இது டிஜி சரக்கு, யூ.என். 2717, வகுப்பு 4.1, தொகுதி 3, நிகர எடை 400 கிலோ, எல்க்யூ முறையில் கட்டுவோம்” என்று சொல்லி, எஸ்டிஎஸ்ஸை உடனே அனுப்புங்கள். டிஜி என்றால் அபாயகரமான சரக்கு. எல்க்யூ என்பது படி 3-இல் வரும் சிறு பொட்டலச் சலுகை. எல்லா எல்சிஎல் கிடங்கும் டிஜி சரக்கை எடுப்பதில்லை. எடுக்கும் கிடங்கும் கப்பல் நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் நிறுவனம் தன் கப்பலை மட்டும் பார்ப்பதில்லை, நடுவில் சரக்கு மாறும் துறைமுகத்தின் விதியையும் பார்க்கும். ஆகவே சாதாரணச் சரக்கின் கடைசி நாளை நம்பி உட்காராதீர்கள். தைப்பூசத்துக்கு அங்கே சரக்கு வேண்டுமென்றால் தீபாவளிக்கு முன்பே முன்பதிவைத் தொடங்குங்கள்.

ஒப்புதல் எழுத்தில் வரும்வரை லோரியில் ஏற்ற வேண்டாம். கிடங்கு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் இரண்டு நடை லோரிக் கூலி உங்கள் தலையில்தான்.

தபால் பார்சலில் அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சர்வதேச அஞ்சலில் தீப்பற்றும் திடப்பொருள் அனுமதியில்லை. ஊருக்குப் போகும் உறவினரின் விமானப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் கூடாது.

படி 3: எல்க்யூ முறையில் கட்டுதல்

சிறு பொட்டலங்களாகச் செல்லும் டிஜி சரக்குக்கு விதிகளில் ஒரு சலுகை உண்டு. அதைத்தான் எல்க்யூ (லிமிடெட் குவான்டிட்டி) என்கிறார்கள். சூடத்துக்கான வரம்பு: உள்பொட்டலம் ஒவ்வொன்றும் 5 கிலோவுக்குள், வெளிப்பெட்டியின் மொத்த எடை 30 கிலோவுக்குள். இந்த வரம்புக்குள் கட்டினால் யூ.என். முத்திரை பெற்ற பெட்டி தேவையில்லை. நல்ல உறுதியான அட்டைப்பெட்டி போதும். சில்லறைப் பொட்டலமாக விற்பவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

நம் 400 கிலோவை இப்படிப் பிரிக்கலாம்:

- 100 கிராம் பொட்டலம் 200, ஒரு பெட்டிக்கு 20 கிலோ நிகர எடை
- பொட்டல உறையும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து 2 கிலோ என்றால் பெட்டியின் மொத்த எடை 22 கிலோ
- 20 பெட்டி, ஆக மொத்தம் 440 கிலோ

30 கிலோவரை அனுமதி இருக்கும்போது ஏன் 22? கிடங்கில் ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய எடை அது. கனமான பெட்டி கைநழுவி விழும். விழுந்த பெட்டியின் மூலை பிளக்கும்.

உள்பொட்டலத்துக்கு மெல்லிய பாலித்தீன் பையை நம்பாதீர்கள். சூட ஆவி அதன் வழியே ஊடுருவி வெளியேறும். அலுமினியத் தாள் ஒட்டிய பையை வெப்பத்தால் ஒட்டி மூடுங்கள். ஒட்டும் விளிம்பில் சூடத்தூள் படிந்திருந்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. எனவே ஒவ்வொரு கட்டிலும் சில பைகளை எடுத்து உள்ளங்கையால் அழுத்தி, காற்று கசிகிறதா என்று பாருங்கள். தெர்மோகோல் துண்டுகளை இடைவெளி நிரப்பப் பயன்படுத்த வேண்டாம். சூட ஆவி அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கசங்கிய பழுப்புத்தாள் போதும்.

பெட்டி இரட்டை அடுக்கு அட்டையாக இருக்கட்டும். அடியிலும் மேலும் நடு இணைப்பையும் இரு ஓர விளிம்புகளையும் சேர்த்து டேப் ஒட்டுங்கள். கட்டி முடித்ததும் பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. மளிகைக் கடையிலிருந்து கிடைத்த பழைய பெட்டி வேண்டாம். அதில் ஏற்கெனவே வேறு அபாயச் சின்னம் இருந்தால், துறைமுகத்தில் எதை நம்புவது என்று தெரியாமல் சரக்கு முடங்கும்.

கட்டும் இடத்தில் சாமி விளக்கு, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது. பல இடங்களில் வீட்டின் பின்கட்டில்தான் இந்த வேலை நடக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். ஏபிசி தூள் தீயணைப்பான் ஒன்று வாசற்பக்கம் இருக்கட்டும். உள்மூலையில் வைத்தால் தீக்குள் நுழைந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

பொட்டலம் போடாமல் 25 கிலோ டிரம்மாகவே அனுப்புவதென்றால் எல்க்யூ கிடைக்காது. அப்போது யூ.என். முத்திரையுள்ள டிரம் அல்லது பெட்டி வேண்டும். முத்திரையில் 1ஜி என்பது ஃபைபர் டிரம், 4ஜி என்பது அட்டைப்பெட்டி. அடுத்து எக்ஸ், ஒய், இசட் என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வரும். தொகுதி 3 சரக்குக்கு மூன்று எழுத்தில் எதுவும் செல்லும். எண் மொத்த எடையின் வரம்பு. 25 கிலோ சூடத்துக்கு 25 என்று எழுதிய பெட்டி போதாது, பெட்டியின் சொந்த எடையும் அந்தக் கணக்கில் சேரும்.

படி 4: சின்னங்கள்

எல்க்யூ பெட்டிக்கு ஒரே சின்னம்: முனையில் நிற்கும் சதுரம், மேல்முனையும் கீழ்முனையும் கறுப்பு, நடுவில் வெள்ளை. பக்க அளவு குறைந்தது 100 மில்லிமீட்டர். நடுவில் ஒய் எழுத்து உள்ள சின்னம் விமானச் சரக்குக்குரியது. விமான விதிப்படி கட்டாத பெட்டியில் அதை ஒட்டக் கூடாது. இணையக் கடைகளில் இரண்டும் அருகருகே விற்கப்படுவதால் வாங்கும்போதே உற்றுப் பாருங்கள்.

டிரம் வழியில் போனால் ஒவ்வொன்றிலும் யூ.என். 2717 என்ற எண், ஆங்கிலத்தில் ‘கேம்ஃபர், சிந்தெட்டிக்’ என்ற அதிகாரப்பூர்வப் பெயர், 4.1 வகுப்பின் சின்னம் ஆகியவை வேண்டும். அந்தச் சின்னம் வெள்ளையில் ஏழு செங்குத்துச் சிவப்புக் கோடுகளும் கறுப்புத் தீச்சுடரும் கொண்டது. 30 கிலோவுக்கு உட்பட்ட பெட்டியில் எண்ணின் எழுத்துயரம் குறைந்தது 6 மில்லிமீட்டர், அதற்கு மேல் 12 மில்லிமீட்டர்.

கடல்வழிச் சின்னமும் எழுத்தும் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பது விதி. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட தாள் மழையில் நனைந்தாலே கரைந்துவிடும். பிஎஸ் 5609 தரம் என்று கேட்டு ஸ்டிக்கர் வாங்குங்கள்.

பெட்டிகளைப் பேலட் எனப்படும் மரப்பலகையில் அடுக்கிப் பிளாஸ்டிக் தாள் சுற்றினால் சின்னம் வெளியே தெரிய வேண்டும். மறைந்தால், சுற்றிய தாளின் மேல் அதே சின்னத்தையும் ஆங்கிலத்தில் ‘ஓவர்பேக்’ என்ற சொல்லையும் ஒட்டுங்கள். மரப்பலகையில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: ஆவணம்

எல்க்யூ என்பதால் அறிவிப்புப் படிவம் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கடல்வழியில் அது தவறு. டிஜி அறிவிப்புப் படிவம் கட்டாயம். வரிசையும் மாறக் கூடாது: யூ.என். எண், அதிகாரப்பூர்வப் பெயர், வகுப்பு, பொதித் தொகுதி. பிறகு பெட்டியின் வகையும் எண்ணிக்கையும், எடை, ‘லிமிடெட் குவான்டிட்டி’ என்ற சொற்கள். நம் சரக்குக்கு 20 அட்டைப்பெட்டி, நிகரம் 400 கிலோ, மொத்தம் 440 கிலோ.

சரக்கு முடங்குவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. படிவத்தில் ஒரு பெயர், இன்வாய்ஸில் ‘பூஜா டேப்லெட்’, சுங்கத்துறையின் கே2 ஏற்றுமதிப் படிவத்தில் வேறொன்று. எல்லாத் தாளிலும் அதிகாரப்பூர்வப் பெயரே வரட்டும். வணிகப் பெயர் வேண்டுமென்றால் அதற்கு அடுத்த வரியில் எழுதலாம். படிவத்தை ஏஜெண்டு நிரப்பித் தந்தாலும் அனுப்புநராகக் கையெழுத்திடுபவர் நீங்கள். எண்ணும் எடையும் பெட்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். டிஜி சரக்கைக் கட்டுபவர், சின்னம் ஒட்டுபவர், ஆவணம் எழுதுபவர் எல்லாரும் ஐஎம்டிஜி பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் கடையில் ஒருவரையாவது பயிற்சி வகுப்புக்கு அனுப்புங்கள்.

படி 6: லோரியில் ஏற்றி துறைமுகம் வரை

தோட்டப் பட்டணத்து லோரிகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதே லோரி காலையில் உர மூட்டை ஏற்றும், மதியம் ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கேனை ஏற்றும். நைட்ரேட் உரங்களில் சில வகுப்பு 5.1, தீயை வளர்ப்பவை. ஃபார்மிக் அமிலம் வகுப்பு 8. இரண்டும் சூடத்திலிருந்து விலகியிருக்க வேண்டியவை. லோரியின் தளத்தைக் கூட்டிக் கழுவிக் காயவைத்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள். அன்றைய நடையில் வேறு சாமான் இருக்கக் கூடாது. மசாலாவும் தேயிலையும் சூட வாடையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றையும் தவிருங்கள். இதைக் கிடங்கிலும் நினைவூட்டுங்கள்.

தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கிள்ளான் போகும் சாலையில் சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்தட்டும், லோரியருகே சிகரெட் வேண்டாம். எஸ்டிஎஸ் நகலும் உங்கள் தொலைபேசி எண்ணும் ஓட்டுநரின் கையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

படி 7: ஒப்படைத்த பிறகு

கிடங்கில் இறக்கும்போது எல்லாப் பெட்டியின் சின்னமும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டெய்னரில் சரக்கை அடுக்குபவர் பொதிவுச் சான்றிதழ் தர வேண்டும். ஏஜெண்டிடம் அதன் நகலைக் கேளுங்கள். டிஜி ஆவணங்களைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருப்பது விதி. நீங்கள் ஓராண்டு வைத்திருங்கள், அடுத்த ஆர்டருக்கு அதுவே மாதிரி.

பெறுபவருக்கு எஸ்டிஎஸ்ஸையும் அறிவிப்புப் படிவத்தையும் கப்பல் கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள். அங்கே பெட்டிகளை எடுக்கும் கிடங்கு, கண்டெய்னர் கதவைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே ஆளை உள்ளே அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை மொத்த வியாபாரி வேறு உற்பத்தியாளரின் சூடத்தைக் கொடுத்தால், பழைய எஸ்டிஎஸ்ஸை இணைக்காமல் புதியதைக் கேட்டு வாங்கி, படி 1-இலிருந்து தொடங்குங்கள்.