வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் எப்படிப் பேசுவது?

முதலில், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள், அப்புறம் வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிடட்டும். பாட்டி வயதுக்காரரைக் குழந்தை பெயர் சொல்லி "வா, போ" என்கிறது என்றால் அது உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது.

பல வருடமாக "நீ" என்று பழகிவிட்டீர்களா? அவரும் உங்களை "நீ" என்று சொல்ல முடிகிறதா, பாருங்கள். முடிந்தால் அது நெருக்கம், முடியாவிட்டால் அது அதிகாரம், "நீங்க"வுக்கு மாறுங்கள்.

பேச்சைவிட உடம்பு நிறையச் சொல்லும். "உட்காருங்க" என்று சோபாவில் சாய்ந்தபடி சொன்னால் அவர் தரையில்தான் உட்காருவார், அதனால் எழுந்துபோய் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். சம்பளத்தை மேசையில் வைத்துவிட்டு "எடுத்துக்கோ" என்று சொல்லாமல், முகம் பார்த்துக் கையில் கொடுங்கள்.

காபி டம்ளர் விஷயத்தில் சமரசமே கிடையாது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்ததும், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்ட வைத்ததும் ஒரு வார்த்தை பேசாமலேயே யார் கீழே என்று சொன்ன வழிகள்தான். தீண்டாமையைக் குற்றமாக்கி 1955இலேயே சட்டம் வந்தும், அடுக்களை ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்த அந்த ஒரு டம்ளர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள்.

லீவு கேட்கும்போது அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்க்கிறார் என்றால் அது மரியாதை இல்லை, பயம். மாதம் எத்தனை நாள் லீவு, சம்பளம் பிடிப்பு உண்டா என்பதை முன்கூட்டியே நீங்களே பேசி முடித்துவிடுங்கள்.