பழைய பைக்கில் பெட்ரோல் எங்கே தடைபடுகிறது? மேலிருந்து கீழாகத் தேடும் முறை

பத்துத் தடவை கிக்கரை மிதித்தும் வண்டி உயிர் பெறவில்லை. அல்லது கிளம்பி, கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, திணறி, நின்றுவிடுகிறது. உடனே எல்லோரும் கை வைப்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில்தான். பாவம், பல நேரம் அதன்மேல் தப்பே இருக்காது.

பெரும்பாலான பழைய பைக்குகளில் பெட்ரோல் பம்ப் கிடையாது. மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குத் தன் எடையாலேயே பெட்ரோல் இறங்குகிறது. நம் தேடலும் அதே வழியில் போகட்டும்: மூடி, டேங்க், டேப் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), ட்யூப், ஃபில்டர், கடைசியில்தான் கார்புரேட்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய் தள்ளி இருக்கும் நெருப்பையும் பிடித்துக்கொள்ளும். அதனால் திறந்த வெளியில், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். எரியும் பெட்ரோல்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

படி 1: பிளக்கைக் கேளுங்கள்

ஏழெட்டு கிக் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று அளவுக்கு மீறி வருகிறது, அல்லது ஸ்பார்க் இல்லை. ஸ்பார்க் பிரச்சினை என்றால் அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பிளக் என்றால் நிறமும் பேசும். வெளிர் பழுப்பு நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம்.

படி 2: டேங்க் மூடி

டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். தூசியோ துருவோ அதை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும்.

நான் இதற்கு ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன். வண்டி சரியாகப் பத்து நிமிடம் ஓடும், நிற்கும். கொஞ்சம் நின்றால் மறுபடி கிளம்பும். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்து மூன்று முறையும் சுத்தமாகவே பார்த்தேன். நாலாவது தடவை வண்டி நின்றபோது எரிச்சலில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். அவ்வளவுதான். ஊசியால் துளையைக் குத்திவிட ஒரு நிமிடம் ஆனது.

உங்கள் வண்டி நிற்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சத்தம் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால் மீதிப் படிகள் தேவையில்லை.

படி 3: டேப்பும் டேங்கும்

கார்புரேட்டர் பக்கம் ட்யூபைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறங்கள். விட்டுவிடாமல் ஒரே சீராக ஒழுக வேண்டும். முதலில் வேகமாக வந்து பிறகு சொட்டினால் டேப்பின் உள்சல்லடை அடைத்திருக்கலாம், அல்லது மறுபடி மூடியைச் சந்தேகப்படுங்கள். டேப் 'ரிசர்வ்' நிலையில் இருக்கும்போது வந்து 'ஆன்' நிலையில் வராவிட்டால் முதலில் பெட்ரோல் மட்டத்தைப் பாருங்கள். ஆனுக்கான குழாய் டேங்குக்குள் உயரமாக நிற்கும், ரிசர்வின் வாய் அடியில் இருக்கும். அடிக் கசடு முதலில் ரிசர்வ் பக்கம்தான் சேரும்.

சில வண்டிகளில் வேக்குவம் டேப் இருக்கும். என்ஜின் சுற்றினால்தான் அது திறக்கும். அதைச் சோதிக்க 'பிரைம்' நிலைக்குத் திருப்ப வேண்டும். அதன் வேக்குவம் ட்யூபைக் கழற்றும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயாஃப்ரம் (டேப்பைத் திறக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

பாட்டிலைப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தனியாக உருண்டு நிற்கும். செம்பழுப்புத் தூள் படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரைக் கழுவுவது வீண் வேலை. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் உப்பவைக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் தலைவலி.

படி 4: ட்யூபும் ஃபில்டரும்

ட்யூப் மேலேறி இறங்காமல் சரிவாகப் போகவேண்டும். சூடான சிலிண்டரைத் தொடக்கூடாது. வெளியே நன்றாகத் தெரியும் ட்யூபும் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். சந்தேகமிருந்தால் மாற்றிவிடுங்கள். பம்ப் உள்ள கார்களுக்கான பேப்பர் ஃபில்டரை இங்கே மாட்ட வேண்டாம். தன் எடையில் இறங்கும் பெட்ரோல் அதற்குள் புகத் திணறும்.

படி 5: ஃப்ளோட் கிண்ணம்

இனி கார்புரேட்டர். அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஃப்ளோட் என்ற மிதவை, கிண்ணம் நிறைந்ததும் ஓர் ஊசியைத் தூக்கி பெட்ரோல் வழியை மூடும். டேப்பைத் திறந்து வைத்து, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். தொடர்ந்து வந்தால் கிண்ணம்வரை வழி சரி. ஒரு மடக்கு வந்து நின்றுவிட்டால் ஃப்ளோட் ஊசி மூடியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டு தட்டினால் சில சமயம் விடுபடும். அது தற்காலிக வைத்தியம்தான்.

இதற்கு நேர்மாறு, பெட்ரோல் வழிந்துகொண்டே இருப்பது. ஊசி முனையில் வளையம்போலத் தேய்மானம் தெரிகிறதா பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. சுடுநீரில் முக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை (நெருப்பிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள்). வழிந்த பெட்ரோல் என்ஜினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

படி 6: எந்த ஜெட்?

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு. ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு ஒட்டும் நாடா ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் திணறுகிறது என்பதே விடை. ஐடிலிங்கிலும் பிடியைத் தொட்ட மாத்திரத்திலும் என்றால் பைலட் ஜெட். கால் முதல் முக்கால்வரை ஜெட் நீடில் (பிடியைத் திருகும்போது மேலே ஏறும் கூர் ஊசி). முழுக்கத் திருகும்போது மட்டும் என்றால் மெயின் ஜெட்.

சோக்கைப் பாதி இழுத்ததும் திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ வெளிக்காற்று புகுகிறது. என்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரை வளைத்து வெடிப்பைத் தேடுங்கள்.

பைலட் ஸ்க்ரூவை (ஐடிலிங்கில் கலவையைச் சரிசெய்யும் திருகு) கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே கணக்கு. ஜெட்டைக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் அந்த ஜெட் போயிற்று. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணருகே பிடியுங்கள். பைலட் ஜெட்டில் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் மழுங்கி பிறைபோலத் தெரிந்தால் பழைய பெட்ரோல் காய்ந்த பிசின் இன்னும் ஒட்டியிருக்கிறது, மறுபடி ஊறவையுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு கார்புரேட்டருக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து, பத்து நிமிடம் விடுங்கள். வேக்குவம் டேப் என்றால் பிரைமில் வையுங்கள். தாளில் ஒரு சொட்டுக் கறையும் இல்லையா? சரி, இப்போது கிக்கரில் கால் வைக்கலாம்.