'முடிந்தது' என்றால் யாருக்கு முடிந்தது?

கடைகளுக்குக் கணினி மென்பொருள் செய்து தருவது எங்கள் வேலை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் மதுரை கீழமாசி வீதிக் கடை ஒன்றுக்குப் போய்வந்து, பதினைந்து பக்கத்துக்குத் தேவைப் பட்டியல் நீட்டினார்கள். "முதலாளிகிட்ட என்ன கேட்டீங்க?" என்றேன். "என்னென்ன ரிப்போர்ட் வேணும்னு கேட்டோம் சார்." நானும் ஒரு காலத்தில் அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் நாங்கள் செய்யும் தப்புகளில் சிலதைச் சொல்கிறேன். பேக்கப், பாஸ்வேர்டு சங்கதியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன்.

ஒரே சொல், ஒரே அர்த்தம் என்று நம்புவது

விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடை. ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரே 'முடிந்தது' என்று பச்சைக் கட்டம் வரும்படி செய்து கொடுத்தேன். குடோன்காரருக்கு துணி பேல் லாரியில் ஏறினால் முடிந்தது. கணக்கருக்கு பில் போட்டால் முடிந்தது. முதலாளிக்கோ பணம் கைக்கு வந்தால்தான் முடிந்தது. மூன்று பேரிடமும் பேசினேன், மூவரும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள், ஒருவரிடமும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. பில் போட்டதும் பச்சையாகும்படி எழுதிவிட்டேன்.

முதலாளி அதுவரை வசூலை ஒரு நீள நோட்டில் எழுதி வந்தவர். எங்களை நம்பி நோட்டை மூடினார். தீபாவளிக்கு முன்னால் திரையைப் பார்த்தால் முழுக்கப் பச்சை. ஈரோட்டில் அடுத்த சரக்குக்குச் சொல்லி செக்கும் கொடுத்துவிட்டார். வெளியூர்க் கடைகளின் பாக்கி வந்திருக்கவே இல்லை. செக் திரும்பியது.

எனக்கு இன்றும் ஆறாதது அதற்குப் பிறகு நடந்தது. கம்ப்யூட்டர் என்றால் பில் அடிக்கும் மெஷின் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. நோட்டு திரும்ப வந்தது. ஸ்டாக், வசூல் என்று எதைச் சொன்னாலும், "பில்லு மட்டும் சரியா வந்தா போதும் தம்பி" என்பார். முதலாளி கணினியை என்னவென்று நினைக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் கடையில் அதற்கு வேலை. இதை 'யூசர் தப்பு' என்று பிள்ளைகள் சொல்லும்போது கோபம் வருகிறது. தப்பு கேட்காதவன் மேல்.

கட்டம் போட்டால் ஒத்துப்போய்விடும் என்பது

1993இல் ஹெண்டர்சன், வெங்கட்ராமன் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் இருவரும் வியாபார உத்தி, ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) உத்தி, நிறுவனத்தின் உள்வேலைகள், ஐ.டி.யின் உள்வேலைகள் என நான்கு கட்டம் வரைந்து, நான்கும் பொருந்த வேண்டும் என்றார்கள். நல்ல படம். ஆனால் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஆளுக்கொன்று நினைத்தால் படம் சுவரோடு நின்றுவிடும்.

அதைவிட எனக்கு உதவியது மனவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955இல் சொன்ன முறை. மூன்று பொருளைச் சொல்லி, எந்த இரண்டு ஒன்றுபோல, மூன்றாவது எதில் வேறு என்று கேட்பது. ஜிஎஸ்டி பில், சரக்கு அனுப்ப அரசு இணையதளத்தில் எடுக்கும் ஈ-வே பில், பாக்கிப் பட்டியல் என்று மூன்றை ஒரு முதலாளியிடம் சொன்னேன். "முதல் ரெண்டும் கவர்மென்ட்டுக்கு, மூணாவது எனக்கு" என்றார். எங்கள் புரோகிராமரோ, "பில்லும் பாக்கியும் நம்ம டேட்டாபேஸ், ஈ-வே பில் வெளி போர்ட்டல்" என்றார். இரண்டும் சரி. தனித்தனியாகக் கேட்டதால்தான் தெரிந்தது.

முதலாளியின் மகனிடம் மட்டும் பேசுவது

பாஸ்வேர்டு மகனிடம், முடிவு அப்பாவிடம்.

முதலாளி ஊரில் இல்லாத நாளில் டெமோ

வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளை மறுபடி கீழமாசி வீதிக்கு அனுப்பியிருக்கிறேன். பதினைந்து பக்கமும் என் மேசையில் இருக்கிறது.